நிறுத்தியது தப்பு என்று எழுதித் தராதே

உமையாள்,

நேற்று மாலை உன் அப்பச்சி மகளுக்குப் புத்தி சொல்ல உன்னிடம் போனில் பேசியபோது நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். "அவுக கேக்குற மாதிரி எழுதிக் குடுத்துட்டு வேலையைப் பாரும்மா" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. போனை வாங்கி நானே பேசியிருக்கலாம். பேசியிருந்தால் கத்தியிருப்பேன், நீயும் அழுதிருப்பாய், இரண்டு பேரும் சொல்ல வந்ததைச் சொல்லாமலே வைத்திருப்போம். அதனால்தான் எழுதுகிறேன். நீ கல்லூரி விடுதியில் இருந்த காலத்துக்குப் பிறகு உனக்குக் கடிதம் எழுதியதே இல்லை. கை வேறு பழக்கம் விட்டுப்போயிருக்கிறது. இதை நீ யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. உன் மேலதிகாரியிடம் காட்டினாலும் எனக்குச் சம்மதம்தான். ஒளித்துவைக்க வேண்டிய எதையும் இதில் நான் எழுதப்போவதில்லை.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் போடாதே.

நீ சொன்னதிலிருந்து எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். வருடாந்தரப் பராமரிப்பு முடிந்து உங்கள் அணு உலையை மறுபடி ஓட்டத் தொடங்க வேண்டிய நாள். அந்த ஷிப்டுக்கு நீ பொறுப்பு. தொடங்கும் முன் அவசரக்கால டீசல் ஜெனரேட்டர்களை ஓட்டிப் பார்க்க வேண்டும். அதில் ஒன்று முதல் தடவை கிளம்பவில்லை. இரண்டாம் தடவை கிளம்பி நன்றாகவே ஓடியது. "அதான் ஓடுதே, சரின்னு போட்டுட்டு அடுத்ததைப் பாருங்க" என்றார் உன் மேலதிகாரி. முதல் தடவை ஏன் கிளம்பவில்லை என்று தெரியும்வரை போடமாட்டேன் என்று நீ நின்றாய். உலையின் தொடக்கம் சில நாள் தள்ளிப்போயிற்று. ஜெனரேட்டரைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு குறையும் அகப்படவில்லை. இப்போது, தேவையில்லாத பதற்றத்தில் தவறான முடிவு எடுத்துவிட்டேன் என்று நீ எழுதிக் கொடுத்தால் அத்தோடு விட்டுவிடுவார்களாம். கொடுக்காவிட்டால் அடுத்த வாரமே விசாரணையாம். அதுவரை கட்டுப்பாட்டு அறைக்குள் நீ கால் வைக்கக் கூடாதாம்.

குறை இல்லை என்பது அவர்களுக்குப் பிரித்துப் பார்த்த பிறகுதானே தெரிந்தது? பிரிக்க வைத்தது யார்? நீ நிற்காமல் இருந்திருந்தால் அந்த இயந்திரத்தைப் பற்றி இன்றைக்கும் ஒருவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. இதில் எந்த இடத்தில் நீ தவறு செய்தாய் என்று நானும் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன். எனக்கு அகப்படவில்லை.

உனக்குத் தெரிந்ததை உனக்கே சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள். கல்யாணமாகி அந்தக் கடலோரக் குடியிருப்புக்கு நான் போனபோது, காரைக்குடியில் உறவுக்காரர்கள் ஊட்டிவிட்ட பயத்தோடுதான் போனேன். போன முதல் வாரமே உன் அப்பச்சியிடம், "இது குண்டு மாதிரி வெடிக்குமா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அப்படி வெடிக்காது. ஆனா சூட்டை நாம எடுத்துக்கிட்டே இருக்கணும். எடுக்க வழி இல்லாமப் போனாத்தான் ஆபத்து" என்றார். உலையை நிறுத்திவிட்டால் சூடும் நின்றுவிடும் என்று நான் நினைத்திருந்தேன். நிற்காது என்றார். அணுப்பிளவு நின்ற பிறகும் எரிபொருள் தனக்குள்ளேயே சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். நாள் ஆக ஆகக் குறையும், ஆனால் லேசில் ஓயாது. அந்தச் சூட்டை எடுக்கத் தண்ணீர் ஓட வேண்டும். தண்ணீர் ஓட பம்பு வேண்டும். பம்புக்குக் கரண்ட் வேண்டும். ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற நிலையம், தான் நின்றுபோனால் வெளியிலிருந்து கரண்ட் வாங்கித்தான் தன்னைக் குளிர வைத்துக்கொள்ள வேண்டும். புயலிலோ வேறெதிலோ வெளிக் கம்பியும் அறுந்துபோனால் டீசல் ஜெனரேட்டர். அதுவும் கிளம்பாவிட்டால் பேட்டரி. அது தீர்ந்தால் தண்ணீர் கொதித்து ஆவியாகி மட்டம் இறங்கும், எரிபொருள் வெளியே தெரியும்.

அதற்கு மேல் நடப்பதை நானே அவருக்குச் சொன்னேன். வேதியியல் படித்துவிட்டு வேறு எதற்கு இருக்கிறேன்? எரிபொருளைச் சுற்றியிருக்கும் சிர்கோனியம் உறை அந்தச் சூட்டில் நீராவியோடு சேர்ந்து ஹைட்ரஜனை விடும். ஹைட்ரஜன் சேர்ந்தால் கட்டடமே வெடிக்கும். "கொஞ்ச நேரத்துல என்னைவிட நல்லாப் புரிஞ்சுக்கிட்டியே" என்றார் அப்பச்சி. அன்றோடு குருட்டுப் பயம் போயிற்று. எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்று தெரிந்துகொண்டேன். கிளம்பாத ஒரு டீசல் ஜெனரேட்டருக்குப் பயப்படத்தான் வேண்டும். நீ பயந்தது சரியான பயம்.

இனி உன் அப்பச்சி கதைக்கு வருகிறேன். அது நடந்தபோது நீ ஐந்தாம் வகுப்பு. உனக்கு நினைவிருப்பதெல்லாம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் உன்னைக் கேலி செய்தது மட்டும்தான். உள்ளே நடந்ததை அவர் உன்னிடம் முழுதாகச் சொன்னதே இல்லை. என்னிடம் சொன்னார்.

பிற்பகல் நேரம். அவர் கட்டுப்பாட்டு அறையில் இருந்தார். உலை முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அழுத்தம் கூடினால் திறந்து, குறைந்ததும் மூடிக்கொள்ளும் வால்வு ஒன்று உண்டல்லவா, அது சற்று முன்புதான் ஒரு தடவை திறந்து மூடியிருந்தது. மூடிவிட்டது என்று பலகையில் விளக்கு எரிந்தது. ஆனால் அந்த வால்வைத் தாண்டிப் போகும் குழாயின் வெப்பநிலை மட்டும் இறங்கவில்லை. வால்வு மூடியிருந்தால் அந்தக் குழாய் ஆற வேண்டும். ஆறவில்லை. பக்கத்தில் இருந்தவர், "அது எப்பவும் கொஞ்சம் கூடத்தான் காட்டும் சார்" என்றாராம். அவர் பொய் சொல்லவில்லை. அந்த அளவி பல நாளாகக் கூடத்தான் காட்டிக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் பழகிப்போயிருந்தது.

நீ பிறப்பதற்கு முன்பே வெளிநாட்டில் ஒரு நிலையத்தில் இதே மாதிரி நடந்ததைப் பயிற்சியில் உங்களுக்கும் சொல்லித் தந்திருப்பார்கள். விளக்கு மூடியிருக்கிறது என்றது. வால்வு திறந்தே கிடந்தது. அங்கேயும் அந்தக் குழாய் சூடாகத்தான் இருந்தது, அங்கேயும் அது எப்போதும் அப்படித்தான் என்றுதான் நினைத்தார்கள். தண்ணீர் வெளியே போய்க்கொண்டிருக்க, உள்ளே தண்ணீர் அதிகம் என்று நம்பி, வந்துகொண்டிருந்த தண்ணீரையும் அவர்களே குறைத்தார்கள். எரிபொருள் உருகிற்று. முட்டாள்கள் செய்த வேலை என்று நினைக்காதே. படித்தவர்கள், பயிற்சி பெற்றவர்கள், ஒவ்வொரு முடிவுக்கும் கையில் ஒரு காரணம் வைத்திருந்தவர்கள். விபத்து என்றால் யாரோ ஒரு குடிகாரன் தப்பான பொத்தானை அழுத்துவது என்று ஊரில் நினைக்கிறார்கள். அப்படி வருவது அபூர்வம். ஒரு அளவி சரியில்லை, அப்புறம் பார்க்கலாம். ஒரு பம்பு பழுதில் இருக்கிறது, இன்னொன்றுதான் இருக்கிறதே. ஒரு ஜெனரேட்டர் முதல் தடவை கிளம்பவில்லை, இரண்டாம் தடவை கிளம்பிவிட்டதே. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுக்கும் உலையை நிறுத்தத் தேவையில்லை. என்றைக்காவது ஒருநாள் எல்லாம் ஒரே வேளையில் வந்து நிற்கும்.

அப்பச்சி நிறுத்தினார். யாரையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. நான் அப்போது பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நிலையத்துப் பக்கமிருந்து நீராவியை வெளியே விடும் பெரிய இரைச்சல் வந்தது. பிள்ளைகள் எழுந்து ஜன்னலுக்கு ஓடினார்கள். உலை நின்றுவிட்டது என்று குடியிருப்பில் எல்லாருக்கும் தெரிகிற சத்தம் அது. யார் ஷிப்ட் என்று எனக்குத் தெரியும். வகுப்பை முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

திறந்து பார்த்தார்கள். வால்வு ஒழுங்காக மூடித்தான் இருந்தது. கெட்டுப்போயிருந்தது வெப்பநிலை அளவி. நின்ற உலையை உடனே திருப்பி ஓட்டவும் முடியாது, உள்ளே சேர்ந்து அணுப்பிளவைத் தடுக்கிற செனான் தணிகிறவரை காத்திருக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். அந்தக் கோடையில் பல ஊரில் மின்வெட்டு. மேலே இருந்து கேள்வி வந்தது. நிலையத்தின் பெரிய அதிகாரி அவரைக் கூப்பிட்டு, "விளக்கு மூடியிருக்குன்னு காட்டுறப்ப எதுக்கு நிறுத்துனீங்க?" என்று கேட்டார்.

"விளக்கு, மூடச் சொல்லி உத்தரவு போச்சுன்னுதான் சார் சொல்லுது. வால்வு அதைக் கேட்டுச்சான்னு சொல்லலை" என்றார் அப்பச்சி.

உனக்கு நீட்டுகிற அதே மாதிரிக் காகிதத்தை அவருக்கும் நீட்டினார்கள். போடமாட்டேன் என்று வந்துவிட்டார். அதற்கு என்ன விலை என்று நீயும் பார்த்துத்தான் வளர்ந்தாய். கட்டுப்பாட்டு அறையிலிருந்து எடுத்துப் பயிற்சிப் பிரிவில் போட்டார்கள். அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் அவருக்கு மேலே போனார்கள். உலை திடீரென்று நிற்பதை டிரிப் என்பார்களே, அதை வைத்துக் குடியிருப்பில் 'டிரிப் சார்' என்று பெயர் வைத்தார்கள், உன்னை 'டிரிப் சார் பொண்ணு' என்றார்கள். கூட்டுறவு அங்காடியில் ஒரு அம்மா என்னிடம், "உங்க வீட்டுக்காரர் ரொம்பப் பயந்த சுபாவமாமே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். "ஆமாம், உங்க பிள்ளைக மூணு பேரும் இங்கதானே தூங்குறாங்க, அதுக்குத்தான் பயந்தாரு" என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவே இல்லை. எனக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை.

இன்று காலை உன் அம்மான் வந்தான். கீழச்சிவல்பட்டியில் நம் பெரிய வீட்டை விடுதியாக்கி நடத்தத் தொடங்கியதிலிருந்து என் தம்பிக்கு உலகமே வாடிக்கையாளர்தான்; யாரையும் முகம் சுளிக்கவிடக் கூடாது. உன் விஷயம் அவன் காதுக்கும் போயிருக்கிறது. தேவகோட்டையில் உனக்குப் பேசிவைத்திருக்கும் மாப்பிள்ளை வீட்டார் அவனைத்தான் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். உடனே அக்காவிடம் முறையிட வந்துவிட்டான்.

"ஆச்சி, ஒரு கையெழுத்து. அதைப் போட்டுட்டா எல்லாம் முடிஞ்சுபோகும். அவுக வீட்ல, பொண்ணு வேலையில ஏதோ பிரச்சனையாமேன்னு கேக்குறாக. நான் என்னத்தைச் சொல்றது?"

"நடந்ததைச் சொல்லு. மிஷின் கிளம்பலை, ஏன்னு தெரியாம ஓட்ட மாட்டேன்னு சொன்னா. இதுல சொல்றதுக்கு என்ன வெக்கம்?"

"கடைசியில ஒண்ணும் இல்லைன்னுதானே ஆச்சு?"

"போன மாசம் உன் விடுதியில கல்யாணத்தன்னிக்குக் கரண்ட் போச்சே, உன் ஜெனரேட்டர் கிளம்புச்சா?"

அவன் முகம் மாறிற்று. "அது... முந்துன நாள் கூட நல்லாத்தான் ஓடுச்சு."

"அதைத்தான் கேக்குறேன். உன் வீட்ல மாப்பிள்ளைக்கு வேர்த்துச்சு, பந்தியில விசிறி சுத்தலை, அதோட போச்சு. அவ இருக்கிற இடத்துல அது கிளம்பலைன்னா என்ன ஆகும்னு உங்க அத்தானைக் கேளு."

அவனுடைய அத்தான், உன் அப்பச்சி, அங்கேதான் இருந்தார். ஊஞ்சலில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டிருந்தார். வெகு நேரமாக ஒரே பக்கம்தான். எனக்கு நேற்றிலிருந்து அடைத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. தம்பி இருக்கிறான் என்றுகூடப் பார்க்கவில்லை.

"நீக சொல்லுங்க. திரும்ப அந்த நாற்காலியில உங்களை உக்கார வச்சு, அதே விளக்கு, அதே குழாய்னா நிப்பாட்டுவீகளா, மாட்டீகளா?"

செய்தித்தாளை மடித்தார். "நிப்பாட்டுவேன்."

"அளவிதான் கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்ச பிறகுமா?"

"அங்க உக்காந்திருக்கும்போது அது தெரியாதே."

"அப்ப அவளுக்கு மட்டும் ஏன் வேற புத்தி சொல்றீக?"

அவர் மடித்த செய்தித்தாளை ஊஞ்சல் பலகையில் வைத்தார். பிறகு, "நான் பட்டதெல்லாம் அவ பட வேணாம்னுதான்" என்றார். "நான் எங்கிட்டு ஒதுங்கிக் கிடந்தாலும் நீ இருந்தே. அவ அங்க தனியா இருக்கா."

உமையாள், இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்காத வார்த்தை அது. அவர் உன்னை எழுதிக் கொடுக்கச் சொன்னது உன் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. நீ தனியாக நிற்கிறாயே என்று தாங்கமுடியாமல் சொன்னார். எனக்குக் கோபம் இறங்கிவிட்டது. ஆனால் கருத்து மாறவில்லை. "தனியா இருக்கான்னா நாம போவோம். அதுக்காக அவ செஞ்ச சரியான காரியத்தைத் தப்புன்னு எழுதணுமா?" என்றேன்.

தம்பி எழுந்துகொண்டான். "தேவகோட்டைக்கு நான் என்ன சொல்றது ஆச்சி?" என்றான் மறுபடியும். அவன் கையிலிருந்து போனை வாங்கி நானே பேசினேன். மாப்பிள்ளையின் அம்மாதான் எடுத்தார்கள். நடந்ததை அப்படியே சொன்னேன். எழுதித் தர மாட்டாள், வேலைக்கே ஆபத்து வந்தாலும் வரலாம் என்பதையும் சொன்னேன். "நாங்க வீட்ல பேசிட்டுச் சொல்றோம்" என்றார்கள். நல்லா யோசிங்க என்று சொல்லி வைத்துவிட்டேன். இதை எழுதுகிறவரை பதில் இல்லை. சரியான இடத்தில் நிறுத்தத் தெரிந்த பெண் வேண்டாம் என்று நினைக்கிற வீட்டுக்குள் நீ போக வேண்டாம். உனக்கு அந்தப் பையனைப் பிடித்திருக்கிறது என்று தெரியும். அவனிடம் நீயே பேசு. அவனுக்கு எது சரி என்று தெரிந்தால் அவன் வருவான்.

பயமுறுத்தாமல் உண்மையைச் சொல்கிறேன். நீ எழுதிக் கொடுக்காவிட்டால் அவர்கள் உன்னை ஒதுக்கலாம். அப்பச்சியை ஒதுக்கியதுபோல ஏதாவது ஒரு மூலையில் போடலாம். நான் அந்த வாழ்க்கையை வாழ்ந்தவள். ஆகவே சொல்கிறேன், அதில் வாழ முடியும். நமக்குச் சோறு குறையவில்லை. உன் படிப்பு நிற்கவில்லை. அவர் பயிற்சிப் பிரிவில் இருந்த காலத்தில் அவரிடம் படித்துப் போன பிள்ளைகள் இன்றும் பொங்கலுக்குக் கூப்பிடுகிறார்கள். அவர் ஒரு நாளும் தூக்கம் கெட்டு உட்கார்ந்ததில்லை. ஆனால் எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார். உன்னை மறுபடி அதே அறையில் உட்கார வைப்பார்கள். இன்னொரு நாள் இன்னொரு விளக்கு, இன்னொரு அளவி சந்தேகம் தரும். அப்போது உன் கை பொத்தானுக்குப் போகும் முன் இந்தக் காகிதம் உன் நினைவுக்கு வரும். போன தடவை பட்டது போதாதா என்று தோன்றும். அந்தத் தயக்கத்தைத்தான் அவர்கள் கையெழுத்தாகக் கேட்கிறார்கள், அவர்களுக்கே தெரியாமல். உன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிற புதுப் பிள்ளைகளுக்கும் அது தொற்றும். உமையாள் மேடமே எழுதிக் கொடுத்துவிட்டார்களே என்பார்கள். அதன் பிறகு அந்த நிலையத்தில் யார் நிறுத்துவார்கள்?

நாம் அணு உலையே வேண்டாம் என்கிற குடும்பம் இல்லை. அந்தக் கரண்டில்தான் உன் அப்பச்சியின் உழைப்பும் என் சமையலும் உன் படிப்பும் ஓடின. அதை நம்புகிறவர்கள் நாம். நம்புகிறவர்கள்தான் அதை நிறுத்தவும் தெரிந்திருக்க வேண்டும்.

சாயங்காலம் அப்பச்சி சட்டை போட்டுக்கொண்டு வெளியே போனார். ஸ்டேஷன் பக்கம் போய் இரண்டு டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். உன் விசாரணைக்கு முந்தின நாளே அங்கே வந்துவிடுவோம். "உள்ள விட மாட்டாக" என்றேன். "வாசல்ல உக்காரக் கூடாதுன்னு யாரும் சொல்ல முடியாதுல்ல" என்றார். இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்கும்போது நாங்கள் பாதி வழியில் இருந்தாலும் இருப்போம். நாங்கள் வந்து உனக்காகப் பேசப் போவதில்லை, யார் காலிலும் விழப் போவதும் இல்லை. நீ பேசுவாய். நாங்கள் உன்னைக் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பிட வைப்போம்.

உள்ளே அவர்கள் கேட்கப்போகிற கேள்வி ஒன்றுதான். ஒரு குறையும் இல்லையே, பிறகு ஏன் நிறுத்தினாய் என்பார்கள். குறை இல்லை என்று அந்த நேரத்தில் அந்த அறையில் யாருக்கும் தெரியாது என்று சொல். திருப்பிக் கேட்டால் அதையே திருப்பிச் சொல். குரலை உயர்த்தாதே, தலையையும் குனியாதே. இனிமேலாவது இப்படிச் செய்யாமல் இருப்பாயா என்று யாராவது பெருந்தன்மையோடு கேட்பார்கள். கட்டாயம் கேட்பார்கள். அப்போது அவர் முகத்தைப் பார்த்துச் சொல், நாளைக்கே இன்னொரு தடவை அது கிளம்பாமல் நின்றால் நாளைக்கும் நிறுத்துவேன் என்று.

உன் ஆத்தா
காரைக்குடி